கையளவு ட்ரோனும் டர்பன் ஹைலக்ஸும்: எடைக்கேற்ற திறன் யாருக்கு அதிகம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் அண்ணனின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டி நிற்கும். இங்கே அதை 'பக்கி' என்போம். டர்பனின் பிராஸ்பெக்டன் ஆலையில் உருவான வண்டி. 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், 150 கிலோவாட். எடை சுமார் 2,100 கிலோ. வகுத்தால் கிலோவுக்கு 70 வாட் சொச்சம்.

அதன் பானெட்டின் மேல் என் பந்தய ட்ரோனை வைத்தால் பொம்மை போல இருக்கும். பேட்டரியோடு சேர்த்து 650 கிராம். ஆனால் முழு வேகத்தில் 20 வோல்ட்டில் 100 ஆம்பியர் இழுக்கும்: 2,000 வாட். அதாவது கிலோவுக்கு 3,000 வாட்! மோட்டாரில் வெப்பமாக வீணாவதைக் கழித்தாலும் ஃபார்முலா 1 காரே இதன் பக்கத்தில் வராது.

எப்படி? ஒரு பொருளை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும், தாங்கும் குறுக்குப்பரப்போ நான்கு மடங்குதான். சிறியதற்கு இயற்கையே சலுகை தருகிறது. அதோடு ட்ரோனுக்கு இருக்கை, கியர்பாக்ஸ், ஏர்பேக் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, வண்டியின் எடையைச் சாலை சும்மா தாங்குகிறது. ட்ரோன் மிதக்கவே சக்தி செலவழிக்க வேண்டும். 249 கிராம் எடையுள்ள டிஜேஐ மினி 4 ப்ரோ என்ற கேமரா ட்ரோன், 19 வாட்மணி (ஒரு மணி நேரத்துக்கு 19 வாட் தரும் அளவு) பேட்டரியில் காற்றில்லாதபோது 34 நிமிடம் பறக்கும். கணக்குப் போட்டால் கிலோவுக்கு 130 வாட்டுக்கு மேல். நிதானமாகப் பறக்கவே ஹைலக்ஸின் உச்சத்தைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு!

சரி, தாக்குப்பிடிப்பது? என் ட்ரோன் பேட்டரி 29 வாட்மணி. முழு வேகத்தில் ஒரு நிமிடம்கூட வராது. அண்ணனோ ஒரு டேங்க் டீசலில் ஜோகன்னஸ்பர்க் வரை நிற்காமல் போவார்.