டெக்சாஸ் கொடியா, நியூ மெக்சிகோ கொடியா?

பள்ளிக்கு ஓர் அமெரிக்க மாநிலக் கொடி வரைய வேண்டும், இந்த இரண்டில் எது என்று குழம்புகிறவர்களுக்கு:

வரைய: டெக்சாஸில் மூன்று பட்டை, ஒரு வெள்ளை நட்சத்திரம். நியூ மெக்சிகோவில் மஞ்சளில் சிவப்புச் சூரியன். பக்கத்துக்கு நான்கு கதிர், நடு இரண்டும் நீளம்.

தலைகீழானால்: டெக்சாஸில் சிவப்பு மேலே வந்துவிடும், தப்பு. நியூ மெக்சிகோ அப்படியேதான் இருக்கும்.

பட்டப்பெயர்: 'ஒற்றை நட்சத்திர மாநிலம்' டெக்சாஸ் கொடியிலேயே தெரிகிறது. நியூ மெக்சிகோவின் 'மயக்கும் நிலம்' அப்படியில்லை.

பொருள்: டெக்சாஸ் கொடி 1839இல், தனிக் குடியரசாக இருந்தபோது வந்தது. நீலம் விசுவாசம், வெள்ளை தூய்மை, சிவப்பு வீரம். 1925இல் வந்த நியூ மெக்சிகோ சூரியனோ சியா பழங்குடியினரின் புனிதச் சின்னம்: நான்கு திசை, நான்கு பருவம், நான்கு பொழுது, வாழ்வின் நான்கு கட்டம். அவர்களிடம் கேட்காமலே எடுத்தார்கள். அதையும் அவசியம் எழுதச் சொல்லுங்கள்.

சீக்கிரம் முடிய வேண்டுமா, டெக்சாஸ். வகுப்பில் எழுந்து பேசவும் வேண்டுமென்றால் நியூ மெக்சிகோ. என் ஓட்டு அதற்குத்தான்.