கம்பூட்ஸா, தைத்த தோல் பூட்ஸா?

6 அடி 3 அங்குலம், 120 கிலோ, 13-ஆம் நம்பர் கால். கோத்தகிரிக் கடைக்காரர் என் காலைப் பார்த்ததுமே, "அண்ணா, 10 வரைக்கும்தான் இருக்கு" என்பார். எங்கோ தேடி 13-இல் கம்பூட்ஸ், அதாவது முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், வாங்கினேன். பாதம் சரி, கெண்டைக்கால் சிக்கிக்கொண்டது. கழற்ற இரண்டு பேர் இழுத்தார்கள்! ஆனாலும் ஆடி மழையில் தேயிலைத் தோட்டச் சேற்றுக்கு அதுதான். கழுவிக் கவிழ்த்தால் போதும்.

தோல் பூட்ஸ் தைக்க விலை அதிகம், காத்திருக்கவும் வேண்டும். அளவை மட்டும் சாயங்காலம் கொடுங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். தோல் பழகப் பழக அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. அப்புறம், நனைந்தால் இந்தக் குளிரில் லேசில் காயாது, பூஞ்சை பிடிக்கும். அவசரப்பட்டு அடுப்போரம் வைத்து ஒரு ஜோடியை வெடிக்க விட்டவன் நான். இருந்தும் நாள் முழுக்க நடக்க எனக்குத் தோல்தான்.