பாறை இடுக்கா, மாமரத்தடியா? சித்திரைப் பூவுக்கு எந்த மூலை

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மனை வாங்கினால் பெரும்பாலும் ஒரு மூலையில் தலை நீட்டும் பாறையும், இன்னொரு மூலையில் ஒரு மாமரமும் சேர்ந்தே வரும். சித்திரை, வைகாசியில் வீட்டில் பூ பார்க்க வேண்டும், ஆனால் தண்ணீர் ஒரு மூலைக்குத்தான் போதும் என்றால் எந்த மூலையை எடுப்பது? நாங்கள் இரண்டிலும் வைத்துப் பார்த்துவிட்டு மரத்தடிக்கு வந்துவிட்டோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ட்யூலிப், டாஃபடில் ஆசை இருந்தால் முதலிலேயே விட்டுவிடுங்கள். ஐரோப்பியத் தோட்டப் படங்களில் பாறைக்கு நடுவிலும் மரத்தடியிலும் அவை அள்ளிப் பூத்திருக்கும். ஆனால் ட்யூலிப் கிழங்கு மண்ணுக்குள் 12 வாரமாவது நல்ல குளிரில் கிடந்தால்தான் பூத்தண்டு ஒழுங்காக நீளும். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு தடவை ஏமாற்றிப் பூக்க வைக்கலாம். நம் வெயிலில் அடுத்த வருடத்துக்குக் கிழங்கு தேறாது. அந்த ஊர்க் காட்டுப் பூக்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. மரம் துளிர்த்து நிழல் அடைப்பதற்குள் கிடைக்கிற வெளிச்சத்தில் பூத்து முடித்து, பிறகு மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். குளிர் விலகுவதுதான் அவற்றை எழுப்பும் மணி. நமக்கு அந்த மணியை அடிப்பது கோடை மழை. கோடை மழையை நம்பி எழும்புகிற செடி எது என்று தேடினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பாறைப் பக்கம் யோசிக்க அதிகம் இல்லை. அடினியமும் டேபிள் ரோஸும்தான் எல்லோரும் வைப்பது, நாங்களும் அதையே வைத்தோம். கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர், ஜல்லியும் கிரஷர் தூளும் பக்கத்திலேயே கிடைக்கும். அடினியம் ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்து வறண்ட நிலச் செடி. அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வெயில் ஏற ஏறப் பூக்கும். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொல்வது கோடை இல்லை. ஆவணியிலிருந்து ஐப்பசி வரை பெய்கிற மழையில் பாறைப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால், தடித்த அடித்தண்டு உள்ளுக்குள் அழுகிவிடும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். நர்சரியில் விற்கும் அடுக்குப் பூ அடினியம் பெரும்பாலும் ஒட்டுச் செடி. ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் துளிரைக் கிள்ளாமல் விட்டால் ஒட்டு நலிந்து, கொஞ்ச நாளில் சாதாரணப் பூதான் மிஞ்சும்.

டேபிள் ரோஸ் இன்னும் எளிது, ஒரு துண்டு ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். ஒரே குறை, வெயில் வந்தபின் விரிந்து பிற்பகலில் சுருங்கிவிடும். காலை ஷிப்டுக்கு ஓசூர் சிப்காட் போய் இருட்டியபின் திரும்புகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூ அது.

மரத்தடியில் நாங்கள் வைத்தது ஃபுட்பால் லில்லி. மே மாதப் பூ என்றும் சொல்வார்கள். இதுவும் ஆப்பிரிக்கக் கிழங்குதான். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் தரையை முட்டிக்கொண்டு தண்டு வரும், மேலே சிவப்புப் பந்து விரியும். ஒரு பந்தில் நூறு, இருநூறு சின்னப் பூக்கள். இலை பூவோடும் அதன் பின்னாலும் வந்து மழைக்காலம் முழுக்க நிற்கும், பனிக்காலத்தில் காய்ந்து காணாமல் போகும். மரத்தின் ஓரத்தில், அரை நாள் வெயில் விழும் இடத்தில், ரெயின் லில்லி. மழை பெய்த சில நாளில் அது மொத்தமாகப் பூக்கும்.

இரண்டு மூலையையும் பிரிப்பது தண்ணீர்தான், அதுவும் அளவைவிடக் காலம். சித்திரையில் போர்வெல் இழுக்கத் திணறும். வருகிற தண்ணீரும் பல இடங்களில் உப்பு. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். அடினியம் தண்ணீர் இல்லாமல் உயிரோடு இருக்கும், சரி. ஆனால் பூ வேண்டுமென்றால் கோடையில் ஊற்றித்தான் ஆக வேண்டும். நாள் முழுக்கக் காய்ந்த கருங்கல் இரவிலும் சூடு கக்குவதால் ஊற்றியது நிற்பதும் இல்லை. ஊற்ற ஊற்ற உப்பும் சேரும். லில்லிக் கிழங்கோ அந்த வறட்சி முழுவதையும் தூக்கத்தில் கழித்துவிட்டு, வானம் ஊற்றும்போது எழும்புகிறது.

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் தெரியும். கார்த்திகை, மார்கழியில் மாமரத்துக்குத் தண்ணீர் காட்டமாட்டார்கள். அப்போது மண் காய்ந்தால்தான் மரம் துளிர்க்காமல் பூவெடுக்கும். அந்த மாதங்களில் தினம் தண்ணீர் கேட்கும் எந்தச் செடியை மரத்தடியில் வைத்தாலும் மாங்காயில் கை வைத்த மாதிரிதான். ஃபுட்பால் லில்லி அதே மாதங்களில் தூங்குகிறது. மரத்துக்கும் கிழங்குக்கும் ஓய்வு ஒன்றாக வருவதால் நாம் செய்ய வேண்டியது சும்மா இருப்பது. சருகைக்கூடக் கூட்ட வேண்டாம், அது மண்ணை மூடிக் கிடக்கட்டும். (தேளுக்குச் சருகும் பாறை இடுக்கும் ஒன்றுதான். எந்த மூலையானாலும் கை விடும் முன் குச்சியால் கிளறிப் பாருங்கள்.)

இனி மரத்தடியின் குறைகள். ஃபுட்பால் லில்லி வருடத்துக்கு ஒரு முறை, ஒரு வாரம் பத்து நாள்தான் பூக்கும். பூச்செடி என்று சொல்லி வருடம் முழுக்க இலையையும் வெறும் மண்ணையும் காட்டுகிறீர்களே என்று வீட்டில் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அடுத்தது, அது பூக்கும் வைகாசியில்தான் மாங்காய் பறிப்பும் வருகிறது. ஏணியோடும் தொரட்டியோடும் வருகிறவர் காய் பார்த்து மேலே நோக்கி நடப்பார், கீழே என்ன பூத்திருக்கிறது என்று பார்க்கமாட்டார். அடிமரத்தை ஒட்டி நாலு கல் வைத்து அந்த வட்டத்துக்குள் கிழங்கை நட்டபிறகு எங்களுக்கு அந்தச் சேதம் குறைந்தது. ஆழமாகத் தோண்டுவதும் கூடாது, மரத்தின் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன.

அடினியத்தின் பாலும் லில்லிக் கிழங்கும் விஷம். குழந்தைகள், ஆடு, நாய் இருக்கும் வீட்டில் இந்த விஷயத்தில் இரண்டு மூலையும் சமம்.

மரமே இல்லாத மனை என்றால் பாறைதான், வேறு வழி இல்லை; மழை நீர் வடிய ஒரு சரிவு மட்டும் விடுங்கள். ஓசூர், தளி பக்கம் குளிர்ச்சி கூடுதல் என்பதால் அங்கே கணக்கு கொஞ்சம் மாறலாம், நான் சொல்வது கிருஷ்ணகிரி வெயிலை வைத்து. புங்கை மரத்தடியில் லில்லி வைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. இதுவரை நன்றாக வருகிறது, அதற்கு மேல் சாட்சி சொல்லமாட்டேன்.

கிழங்கு வாங்குவதாக இருந்தால் அது தூங்கும் மாசி, பங்குனியில் வாங்குங்கள். வைத்திருக்கும் வீட்டில் கேட்டாலும் கொடுப்பார்கள், பக்கக் கிழங்கு விட்டுப் பெருகும் செடி. கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, ஒரு தடவை லேசாக நனைத்துவிட்டு, மழை வரும்வரை குழாயைத் திறக்காதீர்கள்.