பச்சைத் தேனா, பதப்படுத்திய தேனா, இருமல் சிரப்பா: எதற்கு எது?

பச்சைத் தேன்தான் மருந்து, சூடாக்கிப் பாட்டிலில் அடைத்தது வெறும் சர்க்கரைப் பாகு என்று ஒரு பேச்சு உண்டு. நானும் பச்சைத் தேனின் பக்கம்தான். அந்த மணம் சூடுபட்ட தேனில் கிடைக்காது. ஆனால் வைத்தியம் என்று வந்துவிட்டால் பிடித்தம் வேறு, பலன் வேறு. இருமலுக்கு ஒரு முடிவு, காயத்துக்கு ஒரு முடிவு, கைக்குழந்தை என்றால் இன்னொரு முடிவு.

சூட்டில் எது போகிறது, எது நிற்கிறது

அடையிலிருந்து எடுத்து, மெழுகும் தூசும் போக வடிகட்டி, சூடாக்காமல் விட்டால் அது பச்சைத் தேன். பதப்படுத்தும்போது பொதுவாக 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, நுண்ணிய வடிகட்டியில் விடுகிறார்கள். ஈஸ்ட் செத்துப்போவதால் தேன் புளிக்காது. படிகங்கள் கரைவதால் சீக்கிரம் உறையாது. இதில் அடிபடுவது நொதிகள். தேனீ தன் சுரப்பியிலிருந்து சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், தேனில் நீர் கலந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பல தேன்களின் கிருமி கொல்லும் திறனுக்கு முக்கியக் காரணம் இதுதான். சூடு பட்டால் இந்த நொதி சிதைந்துவிடும். மகரந்தத்திலும் ஒரு பகுதி வடிகட்டியோடு போய்விடும்.

போகாமல் நிற்பதும் நிறைய. தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை, 17 அல்லது 18 சதவீதம்தான் நீர், பி.எச். அளவு 4-ஐ ஒட்டி. இவ்வளவு அடர்த்தியும் புளிப்பும் உள்ள இடத்தில் பாக்டீரியாவால் பெருக முடியாது. பாக்டீரியாவுக்குள் இருக்கும் நீரையே தேன் இழுத்துக்கொள்ளும். இந்தக் குணம் இரண்டு தேனுக்கும் பொது.

பச்சை என்று எழுதியிருந்தாலும், வெயில் படும் இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலில் நொதி குறைந்து, சூட்டாலும் நாள்பட்டும் உருவாகும் எச்.எம்.எஃப். என்ற சேர்மம் கூடியிருக்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் இதற்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வெப்பமண்டல நாட்டுத் தேனுக்கு 80 வரை அனுமதி. பழைய பச்சைத் தேனும் புதிதாகப் பதப்படுத்திய தேனும் கையில் இருந்தால், முன்னதே உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

இருமல்: தேனும் சிரப்பும்

தேன் தலைநிமிர்ந்து நிற்கும் இடம் இது. 2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சளியும் இரவு இருமலும் இருந்த 105 பிள்ளைகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு குழுவுக்குப் பக்வீட் பூத் தேன், ஒரு குழுவுக்குத் தேன் சுவையூட்டிய டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், அதாவது பல சிரப்புகளில் இருக்கும் இருமல் அடக்கி, மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே இல்லை. பெற்றோர் கொடுத்த மதிப்பெண்ணில் தேன் முதலிடம். தேனுக்கும் மருந்துக்கும் இடையிலான வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றும் கொடுக்காததைவிடத் தேன் தெளிவாக மேல் என்று தெரிந்தது. மருந்தால் அதை நிரூபிக்க முடியவில்லை.

இனிப்பாக எதைக் கொடுத்தாலும் தொண்டை இதமாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2012-ல் இஸ்ரேலில் 1 முதல் 5 வயது வரையிலான 300 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். யூகலிப்டஸ், சிட்ரஸ், துளசிக் குடும்பப் பூக்கள் என மூன்று வகைத் தேன், எதிரே அதே நிறமும் இனிப்பும் உள்ள பேரீச்சைப் பாகு, எல்லாம் 10 கிராம். நான்கு குழுவிலும் இருமல் குறைந்தது, தேன் கொடுத்த மூன்றிலும் அதிகமாகக் குறைந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட இருமல் வழிகாட்டுதலிலும், ஒரு வயதைத் தாண்டியவர்களுக்குத் தேன் இடம் பிடித்தது.

இந்தச் சோதனைகள் பச்சைத் தேனையும் பதப்படுத்திய தேனையும் மோதவிட்டவை அல்ல. ஆகவே இரவு இருமலுக்குச் சமையலறையில் எந்த நல்ல தேன் இருக்கிறதோ அதில் ஒரு டீஸ்பூன் போதும் என்பது என் கருத்து. பச்சைத் தேன்தான் வேண்டுமென்று அலைய வேண்டாம். சிரப்பைவிடத் தேனை முதலில் எடுக்க இன்னொரு காரணமும் உண்டு: கடையில் நேரடியாகக் கிடைக்கும் சளி, இருமல் மருந்துகளை 2 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-ல் எச்சரித்தது. மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினாலோ தேனும் வேண்டாம், சிரப்பும் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

காயம்: பச்சைத் தேன் தோற்கும் இடம்

நொதி அப்படியே இருப்பதால் காயத்துக்குப் பச்சைத் தேன்தான் சிறந்தது என்று தோன்றும். ஆனால் அதே தேனில் உயிரோடு ஈஸ்ட்டும் பாக்டீரியா வித்துகளும் இருக்கலாம், திறந்த புண்ணில் அதை விடுவது ஆபத்து. மருத்துவமனைக்கென்று தயாரிக்கும் தேனைக் காமா கதிரால் கிருமி நீக்குகிறார்கள். வித்துகள் சாகும், தேனின் திறன் பெரும்பாலும் தங்கும். இதற்கு அதிகம் பயன்படும் மனுகா தேனில் மெத்தில்கிளையாக்சல் என்ற பொருளும் உண்டு. நம் திசுவில் உள்ள கேட்டலேஸ் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்துவிடும், மெத்தில்கிளையாக்சலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பின்படி, தோலின் ஒரு பகுதி மட்டும் வெந்த தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன. நாள்பட்ட கால் புண்ணுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. சமையலறைத் தேனை எந்தத் தீக்காயத்திலும் தடவாதீர்கள். முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், அப்புறம் மற்றதெல்லாம்.

ஒவ்வாமை

அந்தந்த ஊர் மகரந்தம் உள்ள பச்சைத் தேனைத் தினமும் சாப்பிட்டால் தும்மல் போகும் என்பார்கள். 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு ஆய்வு உள்ளூர்ப் பச்சைத் தேன், பதப்படுத்திய தேன், தேன் வாசனை சேர்த்த சோளப் பாகு மூன்றையும் ஒப்பிட்டது. ஒன்றும் மற்றதை வெல்லவில்லை. தும்மலைக் கிளப்புவது பெரும்பாலும் காற்றில் பறக்கும் மகரந்தம். தேனீ கொண்டுவருவது பூக்களின் கனமான மகரந்தம்.

ஒரு வயதுக்குக் கீழே: இரண்டும் கூடாது

இங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் வித்துகள் இருக்கலாம். கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நச்சை உண்டாக்கிவிடும். மலச்சிக்கல், பலவீனமான அழுகை, பால் உறிஞ்ச முடியாமை, தளர்ந்த கழுத்து என்று ஆரம்பித்து மூச்சுவரை பாதிக்கும். சூடாக்கியதுதானே, பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். கொதிநீரின் சூட்டையே தாங்கும் வித்துகள் இவை. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பதும் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இரண்டு தேனும் ஒன்றுதான். ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 17 கிராம் சர்க்கரை, 64 கலோரி.

பச்சைத் தேன் வாங்கினால் அது உறைவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குளுக்கோஸ் படிகமாவது இயல்பு. தண்ணீரில் சொட்டுவது, தீக்குச்சியில் தொட்டு எரிப்பது போன்ற வீட்டுச் சோதனைகளால் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உறைந்ததை இளக்க, கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை வைத்தால் போதும்; அடுப்பில் ஏற்றினால் எந்த நொதிக்காக வாங்கினீர்களோ அதுவே போய்விடும். மூடியை இறுக்கி வையுங்கள், தேன் காற்றின் ஈரத்தை இழுக்கும். நீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் புளிக்கத் தொடங்கும், அதிலும் பச்சைத் தேனில் ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் அது இன்னும் எளிது.