‘4 பாதையும் ஆக்டிவ்’ என்ற ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஸ்டோரேஜ் போர்ட் மாற்றும் வேலையை வெளி ஆட்களிடம் ஒப்பந்தமாகக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

பழைய 8ஜி (விநாடிக்கு 8 கிகாபிட் ஃபைபர் சேனல்) போர்ட்களில் ஓடிக்கொண்டிருந்த 18 சர்வர்களை அதே ஸ்டோரேஜில் புதிதாகப் போட்ட 32ஜி போர்ட்களுக்கு மாற்ற வேண்டும், எதையும் நிறுத்தக்கூடாது. இவ்வளவுதான் வேலை. ஒப்பந்தக்காரர் இரண்டே இரவில் முடித்தார். சர்வருக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் ஒட்டிய கோப்பு வந்தது: முன்பு 4 பாதை (சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்குப் போகும் வழி), இப்போதும் 4 பாதை, எல்லாம் ஆக்டிவ். பில் பாஸானது. மூன்று வாரம் கழித்து ஃபர்ம்வேர் அப்டேட்டுக்காக, ஸ்டோரேஜை இயக்கும் ஏ, பி என்ற இரு கன்ட்ரோலர்களில் கன்ட்ரோலர் ஏ ரீபூட் ஆனது. அந்த நிமிடமே 18 சர்வர்களிலும் டிஸ்க் இல்லை.

அந்த நாலு பாதையும் கன்ட்ரோலர் ஏ-வுக்கே போயிருந்தன. முன்பு ஃபேப்ரிக் 1 (தனித்தனியான இரு சுவிட்ச் வலைகளில் ஒன்று) வழியாக ஏ-வுக்கு ஒன்று, பி-க்கு ஒன்று. ஃபேப்ரிக் 2 வழியாகவும் அப்படியே. புதிய போர்ட்களில் பி பக்கம் கேபிளே இழுக்கவில்லை. ஏ-வில் காலியாக இருந்த போர்ட்களில் இரட்டிப்பாகச் செருகி எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். கேட்டால், “4 பாதை என்றுதானே ஒப்பந்தத்தில் இருக்கிறது, கொடுத்தாச்சே சார்” என்று பதில். காகிதப்படி அவர் சொல்வது சரி, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஸ்கிரீன்ஷாட்டிலேயே இது தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸில் மல்டிபாத் கட்டளையை இரண்டு எல் போட்டு (multipath -ll) ஓட்டினால், அலுவா வகை ஸ்டோரேஜில் (ஒரு கன்ட்ரோலர் வழியை முதன்மையாகக் காட்டுவது) ஒவ்வொரு லன்னுக்கும் (ஸ்டோரேஜ் சர்வருக்குக் கொடுக்கும் டிஸ்க்) இரண்டு குழு வரும்: ப்ரையாரிட்டி 50 என்று ஒன்று, 10 என்று ஒன்று. 50 என்பது அந்த லன்னை வைத்திருக்கும் கன்ட்ரோலர், 10 மற்றது. இங்கே ஒரே குழுவில் நாலு பாதை இருந்தது. பி-க்குச் சொந்தமான லன்களில் வெறும் 10 மட்டும், 50 எங்குமே இல்லை. கோப்பில் ஒட்டிய படங்களில் அந்தக் குழு வரியைக் காணோம், கீழே உள்ள பாதை வரிகள் மட்டும் கத்தரித்து வைக்கப்பட்டிருந்தன. படத்தை வாங்காதீர்கள், முழு டெக்ஸ்ட் அவுட்புட்டை வாங்குங்கள். சர்வருக்குத் தெரியும் டார்கெட் டபிள்யூடபிள்யூபிஎன்களை (ஸ்டோரேஜ் போர்ட்களின் அடையாள எண்கள்) எடுத்து, ஸ்டோரேஜ் கன்சோலில் எந்த எண் எந்தக் கன்ட்ரோலருடையது என்று நீங்களே ஒப்பிடுங்கள். சர்வருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அன்று யார் தப்பினார்கள் என்பதை செட்டிங்தான் தீர்மானித்தது. பாதை இல்லாதபோது ஐ/ஓ-வை (படிக்கும், எழுதும் கோரிக்கைகளை) வரிசையில் நிறுத்தி வைக்கும்படி அமைத்திருந்த சர்வர்கள் உறைந்து நின்று, கன்ட்ரோலர் திரும்பியதும் எழுந்துகொண்டன. உடனே எரர் கொடுக்கும்படி இருந்தவற்றில் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம்கள் ரீட்-ஒன்லிக்குப் போயின. நிறுத்தி, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டி, மறுபடி மவுன்ட் செய்ய வேண்டியதாயிற்று. விஎம்வேரில் எல்லாப் பாதையும் போனால் இயல்பான அமைப்பில் 140 விநாடிதான் பொறுக்கும், கன்ட்ரோலர் ரீபூட் அதற்குள் முடிவது அரிது.

ஒழுங்காகச் செய்கிறவர் முதலில் சேர்ப்பார், பிறகுதான் வெட்டுவார். ஒரு இரவில் ஒரே ஃபேப்ரிக். பழைய ஸோனை (எந்த சர்வர் எந்தப் போர்ட்டைப் பார்க்கலாம் என்ற சுவிட்ச் விதி) தொடாமல் புதிய போர்ட்டுக்கு ஸோன் போட்டு, ஸ்டோரேஜில் மேப்பிங்கும் கொடுத்து, சர்வரில் ரீஸ்கேன் செய்தால் 4 பாதை 6 ஆகும். இரண்டு ஃபேப்ரிக்கும் முடிந்தால் 8. 8 வராத சர்வரில் எந்தப் பழைய ஸோனையும் நீக்க விடாதீர்கள். ஹிட்டாச்சி மாதிரி ஹோஸ்ட் குரூப்பை (எந்த சர்வருக்கு எந்த லன் என்ற பட்டியல்) போர்ட்டுக்குப் போர்ட் தனியாக வைக்கும் ஸ்டோரேஜில் ஸோன் மட்டும் போட்டால் போர்ட் தெரியும், லன் தெரியாது. அங்கே புதிய போர்ட்டிலும் அதே லன் எண்ணில் மேப் செய்ய வேண்டும்.

புரோகேட் சுவிட்சில் ஒரு ஃபேப்ரிக்குக்கு ஒரே நேரத்தில் ஒரு ஸோன் கான்ஃபிக்தான் (ஸோன்களின் தொகுப்பு) நடப்பில் இருக்கும். புதிய ஸோன்களை மட்டும் வைத்துத் தனி கான்ஃபிக் உருவாக்கி எனேபிள் செய்தால், பழைய ஸோன்கள் அத்தனையும் அந்த நொடியே அறுந்துவிடும். இருக்கிற கான்ஃபிக்கிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், அதற்கு முன் ஒரு பேக்கப்.

கேபிளிலும் ஏமாற்றினார்கள். பில்லில் புது ஓஎம்4 (ஃபைபர் கேபிளின் ஒரு தரம்), ரேக்கில் பழைய ஆரஞ்சு ஓஎம்2. 32ஜி-க்கு ஓஎம்2 தாங்குவது 20 மீட்டர், ஓஎம்4 என்றால் 100 மீட்டர். தூரம் மிஞ்சினாலும் லிங்க் பச்சையாகத்தான் எரியும், சுவிட்சின் போர்ட் எரர் பட்டியலில் சிஆர்சி (தரவுப் பிழை எண்ணிக்கை) மட்டும் ஏறிக்கொண்டே போகும். கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள்.

கிளஸ்டர் சர்வர்களை (ஒரே டிஸ்க்கைப் பகிரும் சர்வர் கூட்டம்; அதில் ஒவ்வொன்றும் ஒரு நோடு) தனியாகக் கவனியுங்கள். ஸ்கசி-3 ரிசர்வேஷன் (யார் டிஸ்க்கில் எழுதலாம் என்ற பூட்டு) பாதைக்குப் பாதை பதிவாவது. புதிய பாதையில் பதிவு இல்லாவிட்டால் அந்த வழியாகப் போகும் ரைட் ‘ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட்’ என்று திரும்பும். ஒரு நோடைக் காலி செய்து, மாற்றி, மறுபடி கிளஸ்டரில் சேர்த்த பிறகே அடுத்த நோடு.

ஒப்பந்தத்தில் ‘4 பாதை’ என்று எழுதாமல், ‘ஒவ்வொரு லன்னுக்கும் ஒவ்வொரு ஃபேப்ரிக்கிலும் இரு கன்ட்ரோலர்களுக்கும் பாதை’ என்று எழுதுங்கள். கையெழுத்துக்கு முன், உங்கள் கண் முன்னால், ஏ-வின் போர்ட்கள் அனைத்தையும் சுவிட்சில் டிசேபிள் செய்து பத்து நிமிடம் லோடு ஓட்டச் சொல்லுங்கள். திரும்பக் கொடுத்து, பாதை எல்லாம் வந்ததும் பி-க்கும் அதே. ஸ்டோரேஜிலிருந்தே பூட் ஆகும் சர்வர் இருந்தால் அதை ஒருமுறை ரீபூட் செய்து காட்டும் வரை கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள். எச்பிஏ (சர்வரின் ஃபைபர் சேனல் கார்டு) பயாஸில் பழைய போர்ட்டின் டபிள்யூடபிள்யூபிஎன் அப்படியே கிடந்தால், ஓடும்வரை ஒன்றும் தெரியாது. அந்த 18-இல் 3 சர்வர்கள் அப்படித்தான், அடுத்த பேட்ச் இரவில் பூட் டிஸ்க் கிடைக்காமல் கறுப்புத் திரையில் நின்றன.