ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு எந்த நூல்: ரோஜெட்டா, சென்னைப் பல்கலைக்கழக அகராதியா, ஹார்ன்பியா?

மாலை நேர ஆங்கில வகுப்பு ஒன்றுக்கு நூல் வாங்கித்தரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இருந்த தொகைக்கு ஏதேனும் ஒரு நூலைத்தான் பல படிகள் வாங்க முடியும் என்ற நிலை. போட்டியில் நின்றவை மூன்று: பீட்டர் மார்க் ரோஜெட்டின் ஒருபொருட்சொல் களஞ்சியம், அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம், ஹார்ன்பி தொடங்கிவைத்த ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி. நான் வாங்கியது மூன்றாவது. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். சாய்வதற்கான காரணத்தைத்தான் விளக்க விரும்புகிறேன்.

மூன்றையும் ஒரே சொல்லால் சோதிப்பது நியாயம் என்பதால் 'வொர்க்' என்ற பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்கிறேன். வேலை, உழைப்பு, பணியிடம், கலைப்படைப்பு, தொழிற்சாலை, கட்டுமானப் பணிகள் என அதன் பொருள்கள் விரிகின்றன. இயற்பியலில் ஜூல் என்னும் அலகால் அளக்கப்படும் தனிப்பொருளும் அதற்கு உண்டு. இவற்றின் பட்டியலை எந்த நல்ல அகராதியும் தந்துவிடும் என்பதால் அங்கே போட்டி எதுவும் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழக நூல் 1960களின் நடுவில் வெளிவந்தது. ஆங்கில நூலைப் படித்துப் புரிந்துகொள்வதற்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதற்கும் அதற்கு ஈடான துணையை நான் கண்டதில்லை. ஒரு சொல்லுக்கு அடுத்தடுத்துத் தரப்படும் தமிழ் நிகர்களில் துறைச்சொற்களும் கலந்திருப்பதால், மொழிபெயர்ப்பாளர் தேடும் சொல் பெரும்பாலும் அகப்பட்டுவிடுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இதைக் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம் என்பதும் வாங்கும் தேவையைக் குறைத்துவிட்டது. ஆனால் எங்கள் வகுப்பினருக்கு வேண்டியது எதிர்த்திசைப் பயணம்: மனத்தில் உள்ள தமிழ்க் கருத்தைப் பிழையில்லாத ஆங்கில வாக்கியமாக்க வேண்டும். 'வொர்க்' என்றால் வேலை என்று அறிந்துகொண்ட பிறகு அந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்கு இந்நூல் விடை சொல்வதில்லை. அது அதன் நோக்கமும் அன்று.

ரோஜெட்டின் நூலை விட்டுக்கொடுக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. மருத்துவரான ரோஜெட் 1805இல் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தொடங்கிய சொற்பட்டியல், 1852இல் ஆயிரம் தலைப்புகளும் ஆறு பெரும் வகுப்புகளும் கொண்ட நூலாக வெளிவந்தது. அகரவரிசையைத் தள்ளிவைத்து, கருத்தின் அடிப்படையில் சொற்களைக் கூட்டிய அதன் அமைப்பு, திவாகரம், சூடாமணி ஆகிய நிகண்டுகளை அறிந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. தெய்வப்பெயர், மக்கட்பெயர் எனப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பகுத்து, ஒரு பொருளுக்குரிய பெயர்களையெல்லாம் ஒருங்கே தந்த நிகண்டு மரபு அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. நிகண்டும் சரி, ரோஜெட்டும் சரி, மொழியை ஏற்கெனவே கையாளத் தெரிந்தவருக்காக எழுந்தவை. மறந்த சொல்லை அவை நினைவுக்குக் கொண்டுவரும். தெரியாத சொல்லின் இயல்பைக் கற்றுத்தரா. முயற்சி என்னும் தலைப்பின்கீழ் 'வொர்க்', 'லேபர்', 'டாயில்', 'டிராவெய்ல்', 'டிரட்ஜரி' ஆகியவை விளக்கமின்றி அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றில் 'டாயில்' இலக்கிய நடைக்குரியது என்பதையும், 'லேபர்' பிரசவ வலியையும் தொழிலாளர் கூட்டத்தையும் குறிக்கும் என்பதையும், 'டிரட்ஜரி' சலிப்பூட்டும் ஓயாத வேலைக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் கற்பவர் வேறெங்கோதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது நூலின் வரலாறே அதன் தகுதியைச் சொல்கிறது. ஏ. எஸ். ஹார்ன்பி 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றவர். அங்குள்ள மாணவர்களை மனத்தில் கொண்டு, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது; ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் தன் வெளியீடாக்கியது. ஜப்பானிய மொழியில் 'எ', 'தி' போன்ற சுட்டுகள் இல்லை. பெயர்ச்சொல்லுக்குப் பன்மை உருபும் கட்டாயமில்லை. அத்தகைய மொழியிலிருந்து வருபவர் எங்கே தடுமாறுவார் என்பதைக் கண்டறிந்து, எண்ணத்தக்க பெயர்ச்சொல்லுக்கு 'சி' என்றும் எண்ணத்தகாததற்கு 'யு' என்றும் குறியிட்டார்கள். இந்த ஓரெழுத்துக் குறிதான் என் தேர்வை முடிவுசெய்தது.

'நாளை எனக்கு ஒரு வேலை இருக்கிறது' என்பது குற்றமற்ற தமிழ். அதையே 'ஐ ஹேவ் எ வொர்க் டுமாரோ' என்று எழுதினால் ஆங்கிலத்தில் பிழையாகிவிடுகிறது, ஏனெனில் வேலை என்ற பொருளில் 'வொர்க்' எண்ணத்தகாதது. 'ஐ ஹேவ் சம் வொர்க் டு டூ' என்றோ, 'எ ஜாப் டு டூ' என்றோதான் எழுத வேண்டும். 'எ வொர்க்' என்று சொன்னவுடன் அது ஓவியத்தையோ நூலையோ இசைக்கோவையையோ குறிக்கும் எண்ணத்தக்க சொல்லாக மாறுகிறது. பொதுப்பணித் துறையின் ஆங்கிலப் பெயரில் உள்ள 'வொர்க்ஸ்' கட்டுமானப் பணிகளைக் குறிக்கும் பன்மை. எஃகு ஆலையைக் குறிக்கும் 'வொர்க்ஸ்' ஒருமை வினையோடும் பன்மை வினையோடும் வரும். ஒரே சொல், பொருளுக்குப் பொருள் வேறு இலக்கணம். இந்த வேறுபாட்டைப் பொருள் வாரியாகக் குறியிட்டுக் காட்டியது மூன்றில் இந்த நூல் ஒன்றே.

இது ஒரு சொல்லோடு நிற்கும் சிக்கல் அன்று. அறிவுரைகள், தகவல்கள், செய்திகள், சான்றுகள், கருவிகள் என்று தமிழில் தாராளமாகக் 'கள்' சேர்க்கும் பழக்கத்தில் 'அட்வைசஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எவிடென்சஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'லக்கேஜஸ்' என்று எழுதிவிடுகிறோம். வேலைக்கான விண்ணப்பத்தில் மூன்றாண்டுப் பணி அனுபவத்தைச் சொல்லும்போது 'எக்ஸ்பீரியன்ஸ்' பன்மை பெறாது. ஆனால் வாழ்க்கையில் நேர்ந்த அனுபவங்களைச் சொல்லும்போது பெறும். 'மச்' வருமா 'மெனி' வருமா, வினை ஒருமையா பன்மையா என்பவையும் இந்த ஒரு குறியைச் சார்ந்தே முடிவாகின்றன. போட்டித் தேர்வுகளின் பிழை கண்டறியும் பகுதியில் இத்தகைய பெயர்ச்சொற்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுவதால், தேர்வெழுதுவோருக்கு இந்தக் குறியைப் படிக்கும் பழக்கம் நேரடியாகவே மதிப்பெண் தரும்.

ஒருபொருட்சொற்களிலும் இந்நூல் ரோஜெட்டுக்கு முழுமையாகத் தோற்றுவிடவில்லை. அதன் அண்மைப் பதிப்புகளில் நெருங்கிய சொற்களை ஒரு கட்டத்துக்குள் வைத்து, அவை எங்கே பிரிகின்றன என்று விளக்கியிருக்கிறார்கள். 'டாஸ்க்' செய்து முடிக்க வேண்டிய பணி, அதிலும் கடினமான பணி; 'சோர்' அடிக்கடி செய்தாக வேண்டிய வீட்டு வேலை, அதில் விருப்பமின்மையின் சாயலும் உண்டு. நான்கு சொற்களை இப்படிப் பிரித்தறிவது, நாற்பது சொற்களை வரிசையாகப் பார்ப்பதைவிடக் கற்பவருக்கு உதவுகிறது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு இடங்களில் என் தீர்ப்பை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் கதையோ கவிதையோ எழுதுபவன் அல்லன் நான். அவர்களுக்கு ரோஜெட் தரும் பயன் நான் கண்டதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். அடுத்து, கைப்பேசிச் செயலிகளை அவசரத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால், அவற்றை இந்த அச்சு நூல்களோடு ஒப்பிட எனக்குப் போதிய பழக்கமில்லை.

இரண்டாவது நூல் வாங்க வசதி உள்ளவர்கள் ரோஜெட்டுக்கு முன்பாக, 2002இல் முதலில் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டின் சொல்லிணை அகராதியைப் பார்க்கலாம். ஒரு பெயர்ச்சொல்லோடு எந்த வினையும் எந்த அடைமொழியும் இயல்பாகச் சேரும் என்பதே அதன் ஒரே வேலை. லேர்னர்ஸ் அகராதியின் பத்தாம் பதிப்பு 2020இல் வந்தது. என்றாலும் புதியதுதான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொதுவழக்குப் பெயர்ச்சொற்களின் எண்ணத்தக்க, எண்ணத்தகாத தன்மை பத்திருபது ஆண்டுகளில் பெரிதாக மாறுவதில்லை என்பதால், பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் ஏழாம், எட்டாம் பதிப்புகளே இந்தத் தேவைக்குப் போதும். வாங்குமுன் குறியீடுகளின் விளக்கப் பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.