ஒழிந்த தொகுதிகளைத் தேடுவோருக்கு: தேர்தல் ஆணையப் புள்ளிவிவர அறிக்கைகள் எப்படி?

தமிழகத்தின் பழைய சட்டமன்றத் தொகுதிகளைத் தேடுபவர்கள் முதலில் திறக்க வேண்டியது, தேர்தல் ஆணையம் இணையத்தில் தரும் புள்ளிவிவர அறிக்கைகளை. வேட்பாளர், கட்சி, வாக்கு என எல்லாம் தொகுதிவாரியாக இருக்கும். வாக்குக் கணக்குக்கு இதைவிட நல்ல இடமில்லை. ஆனால் ஒரு தொகுதி ஒழிந்தபின் அதன் ஊர்கள் எங்கே போயின என்று இது சொல்லாது.

1952 தேர்தலின் அறிக்கை ‘1951’ என்ற தலைப்பில் இருக்கிறது. 1967 வரை மாநிலப் பெயர் மெட்ராஸ். எம்ஜிஆர் 1967, 1971-இல் வென்ற பரங்கிமலையை செயின்ட் தாமஸ் மவுண்ட் என்றுதான் தேட வேண்டும். 1977-இல் அது கிடையாது, ஆலந்தூர் வந்துவிடும்.

எக்செலில் பல தேர்தல்களை இணைப்பவர்கள் தொகுதி எண்ணை நம்பவே கூடாது. 2006-இல் 1-ஆம் எண் ராயபுரம், 2011-இல் கும்மிடிப்பூண்டி. எண்ணை வைத்து இணைத்தால் மொத்தப் பட்டியலும் பாழ்.

1952, 1957 அறிக்கைகளில் இன்னொரு பொறி உண்டு. 1952-இல் 309 தொகுதிகளுக்கு 375 இடங்கள். 66 தொகுதிகள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அங்கே ஒருவருக்கு 2 வாக்கு, இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட முடியாது. வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டி வாக்குப்பதிவு சதவீதம் போட்டால் அபத்தமான எண் வரும். அந்த 375-இல் ஆந்திர, மலபார் பகுதிகளும் சேர்த்தி.

ஊர்களைப் பின்தொடர, தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த 2008 மறுவரையறை ஆணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது தாலுகா, கிராமம், வார்டு வாரியாகப் புதிய தொகுதிகளை மட்டும் விவரிக்கிறது. ஆகவே ஒழிந்த தொகுதியின் கிராமப் பட்டியலை அதற்கு முந்தைய மறுவரையறை ஆணையிலிருந்து எடுத்து, புதியதில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். சென்னையில் கூடுதல் கவனம் தேவை: கருணாநிதி 1996, 2001, 2006-இல் வென்ற சேப்பாக்கம் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணியாக மாறியது இதில்தான். ஆணையில் உள்ளவை பழைய 155 வார்டுகளின் எண்கள். 2011-இல் மாநகராட்சி 200 வார்டானது. திருப்பூர் மாவட்டம் 2009-இல் பிறந்ததால், ஒழிந்த பொங்கலூர்த் தொகுதியின் ஊர்களை ஆணையில் கோவை மாவட்டத்தின் கீழ் தேடுங்கள்.

வாக்குச்சாவடி வாரிக் கணக்கு அறிக்கைகளில் கிடைக்காது; அதற்கு, ஒவ்வொரு சாவடியின் வாக்குகளையும் பதியும் முடிவுத் தாளான படிவம் 20 வேண்டும். பெயர்களிலும் உஷார்: 2006 வரை இருந்த குளத்தூர் புதுக்கோட்டை மாவட்டத் தனித்தொகுதி, 2011-இல் வந்த கொளத்தூர் சென்னைத் தொகுதி. ஆங்கில எழுத்தில் இரண்டும் எளிதில் குழம்பும்.